சொல்லிக் காட்டாத ஆறு வருடம்

பாத்திரம் கழுவுவது அந்த வீட்டில் கணவரின் வேலை. சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொள்வார், குழாயை முழுசாகத் திறந்துவிடுவார், அப்புறம் ஆற்றில் இறங்கியவர் போலச் சுற்றுப்புறத்தையெல்லாம் நனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். டம்ளருக்குள் விரலை விட்டு ஒரு சுற்று, வெளியே ஒரு தடவல், கவிழ்த்தாகிவிட்டது. ஃபிளாஸ்க் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்ற செய்தி ஆறு வருடமாகியும் அவரை எட்டவில்லை.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

“அம்மா, நீ ஹாலுக்குப் போயிடு,” என்றாள் மகள். பதினாறு வயது, எதையும் விட்டுவைக்காத கண். “அப்பா அடுத்து ஃபிளாஸ்க் எடுக்கப் போறார். உன்னால தாங்க முடியாது.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“நீ சொல்லல. உன் மூக்கு சொல்லுது.”

“ரெண்டு பேரும் என்னைப் பத்தித்தானே பேசறீங்க?” என்றார் கணவர், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே.

“உங்களைப் பத்தி இல்லப்பா, ஃபிளாஸ்க்கைப் பத்தி.”

வேடிக்கை என்னவென்றால், கழுவுவதுதான் அவள் தொழில். ஊரில் பாதிப் பேர் பிறந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத மூன்று அறைகளுக்கு அவள்தான் பொறுப்பு. மேலே ஆபரேஷன் தியேட்டர்களில் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் தட்டுத் தட்டாக முதல் அறைக்கு வந்து சேரும். அங்கே ஊறவைத்து, தேய்த்து, அலசி, இரண்டாம் அறையில் ஒவ்வொன்றையும் விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்து, எண்ணிப் பொட்டலம் கட்டி, ஆள் நுழைகிற அளவு பெரிய நீராவிப் பெட்டிகளில் ஏற்றி, மூன்றாம் அறையில் இறக்கி அடுக்குவார்கள். பதினெட்டுப் பேர் அவள் கீழே வேலை செய்தார்கள். அவர்களுக்கு அவள் ‘ஸ்டீம் அக்கா’. நீராவிப் பெட்டிகளை வைத்து வந்த பெயரா, கோபம் வந்தால் அவள் மூக்கு விடைப்பதை வைத்து வந்த பெயரா என்று அவளிடம் விளக்குகிற தைரியம் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பார்வை கணவரின் முதுகில் இருந்ததே ஒழிய, நினைப்பு அங்கே இல்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், எல்லாரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், படியிறங்கி அவளைத் தேடி வந்திருந்தார். முட்டி வலிக்காரர், மனிதர்களைத் தன்னிடம் வரவழைத்துத்தான் பழக்கம். அவரே இறங்கி வந்தால் விஷயம் பெரிசு.

“புதுக் கட்டடம் திறக்கப் போறோம். இன்னும் ஆறு தியேட்டர். மொத்தப் பிரிவையும் நீதான் பார்க்கணும். அஞ்சு வருஷத்துக்கு எங்கேயும் போக மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும். திங்கக்கிழமைக்குள்ள சொல்லு.”

“சிஸ்டர், ஒண்ணாம் தேதியோட நான்…”

“தெரியும். உன் முறைக் கதை எனக்கும் தெரியும். அதையும் யோசிச்சுட்டு சொல்லு.”

அந்த முறைக் கதை ஆரம்பித்தது ஒரு வயிற்று வலியில்.

கல்யாணமான புதிதில் கணவர் ஒரு பாங்கில் வேலை பார்த்தார். நல்ல சம்பளம், நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். டாக்டர் எல்லாவற்றையும் படம் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மூன்று வருடம் அந்த வலி வாரம் தவறாமல் வந்தது. விடுமுறைத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மட்டும் வரவில்லை. அதைக் கண்டுபிடித்தது அவள்தான்.

“உங்க வயித்துக்குக் கிழமை தெரியுதுங்க,” என்றாள்.

அப்போது அவள் ஒரு பெயின்ட் கம்பெனியில் வண்ணச் சோதனைக் கூடத்தில் இருந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள். சாம்பல் சுவர் அறை, மூன்று விதமான விளக்கு, அதன் அடியில் இரண்டு அட்டை. இரண்டும் ஒரே பச்சைதானா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒன்றுதான் என்று சத்தியம் செய்கிற இடத்தில் அவள், “இதுல மஞ்சள் ஒரு சொட்டு தூக்கல்,” என்பாள். அளந்து பார்த்தால் தூக்கலாகத்தான் இருக்கும். அந்த வேலை அவளுக்கு உயிர். ஆனால் அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது.

தனக்கு என்ன பிடிக்கும் என்று கணவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் துருவித் துருவிக் கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: பாங்குக்குக் காது கேளாத ஒருவர் மாதாமாதம் வருவார், அவரோடு பேசுவதற்காகக் கொஞ்சம் சைகை மொழி கற்றுக்கொண்டிருக்கிறார், மாதத்தில் அந்தப் பத்து நிமிடம்தான் தான் வேலை செய்வது போல இருக்கிறது.

அவள் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு பழைய வண்ண அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். வீட்டில் எப்போதும் ஒருவருக்குச் சம்பள வேலை, ஒருவருக்குப் பிடித்த வேலை. ஆறு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வது. பிடித்த வேலையில் இருப்பவர் பாத்திரம் கழுவ வேண்டும். சம்பள வேலையில் இருப்பவர் அதைக் குறை சொல்லக் கூடாது. பிடித்த வேலையில் நடந்ததைச் சாப்பாட்டு மேஜையில் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டு பேருக்கும் அதில் பங்கு உண்டு என்பதால். சம்பள வேலையைப் பற்றி மட்டும் வீட்டில் பேச்சே கூடாது. அந்தக் கடைசி விதிக்குக் கணவர் காரணம் கேட்டார்.

“பேச ஆரம்பிச்சா சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடும். ‘நான் அங்க இடி வாங்கறேன், நீ இங்க ஜாலியா இருக்கே’ன்னு ஒரு நாள் வாயில வந்துடும். வந்துட்டா அப்புறம் எல்லாம் போச்சு.”

“நீ புத்திசாலிதான்,” என்றார் அவர். அந்த அட்டை சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டது. அந்த விதியில் ஒரு ஓட்டை இருப்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

முதல் ஆறு வருடம் சம்பள வேலை அவளுக்கு. வண்ணக் கூடத்தை விட்டு அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவுக்கு மாறினாள். கம்பெனிக் கார், கடை கடையாக ஏறி இறங்குவது, கமிஷன். நாள் பூரா சிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தாடையைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நடுவில் மகள் பிறந்தாள். கணவர் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் உதவி ஆசிரியராகி, பாதி நாள் அங்கேயும் பாதி நாள் தொட்டில் பக்கத்திலும் இருந்தார். மகள் பேசுவதற்கு முன்னாலேயே கைச் சைகையால் பால் கேட்டாள். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

ஆறு வருடம் முடிந்த அன்று அவள் கார் சாவியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். மேலதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பைத்தியமா உனக்கு? அடுத்த மாசம் ப்ரமோஷன்.”

“பைத்தியம் இல்ல சார், முறை.”

இரண்டாவது ஆறு வருடம் கணவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போனார், விபத்து ஃபைல்களைப் பார்க்கிற பிரிவுக்கு. அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வண்ணக் கூடத்துக்குத் திரும்பலாம் என்றுதான் நினைத்தாள். அங்கே அதற்குள் ஒரு மெஷின் வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சரி, வேறு என்ன பிடிக்கும்? முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட நீச்சல் பிடிக்கும். நகராட்சி நீச்சல் குளத்தில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளானாள்.

முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் வந்தார், தண்ணீரையே அதட்டுவார். “அசையாதே!” என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்தில் மிதந்துகொண்டிருப்பவர்கள் பயந்துபோய்க் காலை ஊன்றிவிடுவார்கள். அதையெல்லாம் அவள் மேஜையில் நடித்துக் காட்டினாள், கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூன்றாம் வருடம் ஒரு நாள் யோசித்துப் பார்த்தால் அவள் நீந்தியே நாலு மாதம் ஆகியிருந்தது. நாள் பூரா இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுதான் வேலை. விரல் நுனி ஊறிச் சுருங்கி, தலைமுடியில் மருந்து நாற்றம். அவளுக்குப் பிடித்தது நீந்துவது. நீந்தச் சொல்லிக்கொடுப்பது வேறு ஒரு சங்கதி. பிடித்ததைப் பிழைப்பாக்கினால் பிழைப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் எதிரே இஸ்திரி போட்ட சட்டையில் கசங்கிய முகத்தோடு உட்கார்ந்து, “இன்னிக்கு எப்படி?” என்று ஆசையாகக் கேட்கிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? “சூப்பர்,” என்றாள். மூன்று வருடம் சூப்பர் என்றே சொன்னாள்.

மூன்றாவது முறை வந்தபோது அவளுக்கு நாற்பது. குளத்து வேலைக்கு நடுவிலேயே ஒரு வருடப் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தவள், ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சேர்ந்தாள். ராத்திரி ஷிப்டுப் படியும் சேர்த்து நல்ல சம்பளம். ஆறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்பதுதான் கணக்கு.

மூன்றாவது மாதம் ஒரு காலை, கண் ஆபரேஷனுக்கான இடுக்கி ஒன்றைப் பூதக்கண்ணாடி விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிமை முடியைவிட மெல்லிய நுனி. எல்லாரும் சுத்தம் என்று ஒதுக்கியது. இடுக்கியின் இரண்டு காலும் சேர்கிற மூட்டை விரித்துப் பார்த்தபோது உள்ளே பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஊசி முனையில் பாதிகூட இருக்காது. அவளுக்குச் சிலிர்த்தது. சாம்பல் அறை, மூன்று விளக்கு, மஞ்சள் ஒரு சொட்டு தூக்கல். இங்கே யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டாம். யாருடைய மனம் கோணுமோ என்று பார்க்க வேண்டாம். சரி என்றால் சரி, இல்லையென்றால் திரும்ப முதல் அறைக்கு. அன்றைக்கு ஷிப்டு முடிந்து அரை மணி நேரம் ஆனபிறகும் அவள் கையுறையைக் கழற்றவில்லை.

அதற்கப்புறம் அவள் அங்கே வளர்ந்ததை ஆஸ்பத்திரியே பார்த்தது. ஒரு தடவை நீராவிப் பெட்டியிலிருந்து இறங்கிய பொட்டலங்கள் உள்ளே ஈரமாக இருந்தன. ஈரத்தில் கிருமி ஏறும். அதனால் திரும்பக் கட்டி, திரும்ப ஏற்ற வேண்டும், இரண்டு மணி நேரம். மேலே பெரிய சர்ஜன் காத்திருந்தார். அவரே கீழே இறங்கி வந்து கதவருகில் நின்று கத்தினார்.

“ஒரு சொட்டுத் தண்ணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?”

“நீங்க ஒரு சொட்டு ரத்தத்துக்குப் பண்றீங்கல்ல சார்,” என்றாள் அவள், பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. “தள்ளி நில்லுங்க, தரையில போட்டிருக்கற கோட்டைச் செருப்போட தாண்டிட்டீங்க.”

சர்ஜன் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். மறுவாரத்திலிருந்து அவர் தன் தட்டுகளை ஸ்டீம் அக்கா பார்த்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார்.

இதில் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. சம்பள வேலையைப் பற்றி வீட்டில் பேச்சு கூடாதே. கஷ்டத்தைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று போட்ட பூட்டு சந்தோஷத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. பேசாமல் வருகிறவள் கஷ்டப்படுகிறாள் என்றுதான் கணவர் எடுத்துக்கொண்டார். பாவம், வெயில் முகம் பார்க்காத இடம், அழுக்கும் ரத்தமும், எனக்காக. தினமும் அவள் உள்ளே நுழைந்ததும் டீ வந்தது. கால் அமுக்கிவிட்டார். ஊரிலிருந்து யார் வந்தாலும், “இவ இல்லேன்னா நான் இல்ல,” என்றார். அவள் அந்தப் பரிதாபத்தை ஒவ்வொரு நாளும் வாங்கி வைத்துக்கொண்டாள், வேறு யாருக்கோ வந்த பரிசைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறவள் போல. முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. டீயும் நன்றாக இருந்தது.

கணவர் இந்த ஆறு வருடத்தில் ஒரு சேவை மையத்தில் சைகை மொழிபெயர்ப்பாளராகியிருந்தார். கோர்ட், ஆஸ்பத்திரி, அலுவலகங்கள், காது கேளாதவர்கள் எங்கே போக வேண்டுமோ அங்கே கூடப் போவார். மேஜையில் அவர் கதைகள்தான். “இன்னிக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டை. ரெண்டு பேருக்கும் காது கேக்காது, ஆலோசகருக்குச் சைகை தெரியாது. ரெண்டு பேர் திட்டும் என் வாயாலதான் வெளிய வந்துச்சு. நடுவுல எனக்கே எம்மேல கோவம் வந்துடுச்சு.” அப்படிச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவள் தன் முறை வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். போன வருடத்திலிருந்தே தயாராக இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம், விருந்தாளிகள் போகட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும். சொன்னால் அந்த டீக்கெல்லாம் என்ன அர்த்தம் என்ற கேள்வி வரும். சொல்லாவிட்டால் அந்த விளக்கும் மூன்று அறைகளும் போகும். நாளை திங்கட்கிழமை.

கணவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் உள்ள வா, ஒண்ணு காட்டணும்,” என்றார்.

படுக்கையறையில் அலமாரியைத் திறந்து துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு நீள உறையை எடுத்து அவள் கையில் வைத்தார். முகத்தில் பெருமை.

“ஒண்ணாம் தேதி சேரணும். பழைய இன்ஷூரன்ஸ் ஆபீஸ்தான். அதே மாடி. அதே நாற்காலியா இருந்தாலும் ஆச்சரியப்படறதுக்கில்ல.”

அவள் படித்தாள். கடிதத்தின் தேதி இரண்டு மாதம் முந்தையது.

“எப்பங்க இதெல்லாம் பண்ணீங்க?”

“நாப்பத்தெட்டு வயசுல யாரு சும்மா கூப்பிட்டுக் குடுப்பாங்க? முன்னாடியே துண்டு போட்டு வெச்சாத்தான் உண்டு.”

“அப்போ உங்க வேலை?”

“அதுக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சுட்டேன். நல்ல வேகம், கை நீரோட்டமா போகுது. அவளும் இருந்த வேலையை விட்டுட்டு வந்துட்டா. நாளன்னிக்குக் கோர்ட்டுக்கே அவதான் போறா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சம்பள வேலையைப் பத்தி வீட்ல பேசலாமா? உன் ரூல்தானே!” என்று சிரித்தார். “இரு, இன்னும் முடியல. குளத்து மேனேஜரையும் பார்த்துட்டேன். காலைல லேடீஸ் பேட்ச் உனக்குத்தான்.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“எனக்கு அந்தக் குளம் வேண்டாங்க.”

“சரி, வேண்டாம். உன் முறைல நீ சும்மாகூட இருக்கலாம், யாரு கேக்கப் போறா? ஆறு வருஷம் அந்தப் பாதாளத்துல கெடந்திருக்கே.”

“அது பாதாளம் இல்ல.”

“சன்னல்கூட இல்லாத எடம்.”

“எனக்குச் சன்னல் எதுக்குங்க? எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு.” சொல்லியாயிற்று. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். “பெரிய சிஸ்டர் மொத்தப் பிரிவையும் பார்த்துக்கச் சொல்றாங்க. அஞ்சு வருஷம். நாளைக்குப் பதில் சொல்லணும். எனக்குச் சரின்னு சொல்லணும்னு இருக்கு.”

அவர் அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

“பிடிச்சிருக்குன்னா, எப்பலேர்ந்து?”

“மூணாவது மாசத்துலேர்ந்து.”

அவர் உதடு அசைந்தது. எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“அப்போ நான் தெனம் காலை அமுக்கி விட்டது?”

“கால் நிஜமாவே வலிச்சதுங்க. எட்டு மணி நேரம் நிக்கறேன்ல?”

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. கட்டிலின் மறுகோடியில் வந்து உட்கார்ந்தார்.

“மூணு வருஷம் முன்னாடி எனக்கு வெளியூர்ல ஒரு பயிற்சி வந்துது, ஒரு வருஷம். கோர்ட்டு வேலைக்குன்னே தனியா சொல்லித் தர்றது. நான் போகல. நீ இங்க இப்படிக் கஷ்டப்படும்போது நான் எப்படிப் போறதுன்னு.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொன்னா நீ போன்னு சொல்லுவே. அதான் சொல்லல.”

அவள் மடியில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். “போன வருஷமே சொல்லியிருக்கணும். தள்ளிப் போட்டேன். நீங்க பாவம் பார்க்கறது நல்லா இருந்துது. அதான் நிஜம்.”

ஹாலில் மகள் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அப்படி என்னதான் இருக்கு அதுல?” என்றார். குரலில் கோபம் இருந்தது; கூடவே கேட்டே ஆக வேண்டும் என்ற ஆவலும் இருந்தது. மேஜையில் ஆறு வருடம் தன் கதையையே சொல்லிக்கொண்டிருந்தவர்.

அவள் சொன்னாள். சர்ஜனின் செருப்பைச் சொன்னாள். கண் இடுக்கியின் பழுப்புப் புள்ளியைச் சொன்னாள். பிறகு திருகாணியைச் சொன்னாள்.

“வயித்தை விரிச்சுப் பிடிக்கிற கருவி ஒண்ணு, அதுல நாலு திருகாணி இருக்கணும். மேல தையல் போடறதுக்கு முன்னாடியே கீழ அனுப்பிட்ட தட்டுல மூணுதான் இருந்துது. புதுசா வந்தவ, ‘விடுங்கக்கா, முன்னாடியே விழுந்திருக்கும்’கறா. முன்னாடி நான்தானே எண்ணி அனுப்பினேன்? போனைப் போட்டேன். ‘தையல் போடாதீங்க, எங்களுக்கு ஒரு திருகாணி வரணும்’னேன். அங்க எல்லாரும் என்னைத் திட்டறது போன்லயே கேக்குது. நான் இங்க வந்த துணி மூட்டை ஒவ்வொண்ணையும் உதறச் சொல்லிட்டு நிக்கறேன். பதினோராவது துணில ‘டிங்’னு விழுந்துச்சுங்க. அரிசி அளவு. அந்தச் சத்தம் இருக்கே…” அவள் விரலால் அந்த அளவைக் காட்டினாள். “கெடைச்சிடுச்சுன்னு மேல சொன்னேன். தையல் போட்டாங்க. அந்த ஆள் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் மேஜையில் கதை சொல்லும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் எதிரே இருந்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

“துணிய உதறும்போது பயமா இல்லையா?”

“இருந்துது. வெளிய காட்டிக்கல.”

“பதினோராவது துணியா?”

“பதினொண்ணு.”

நீளமாக மூச்சு விட்டார். “நாளைக்குப் போய் சரின்னு சொல்லிடு.”

“நீங்க?”

“லெட்டர் வந்தாச்சே.”

“கிழிச்சுப் போடுங்க. சம்பளம் ஒண்ணு வந்தாப் போதும்னுதானே இத்தனை வருஷம் ஓட்டினோம்? என்னுது வருதுல்ல. ரெண்டு பேரும் பிடிச்சதுலயே இருப்போம். முறையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.”

“அந்தப் பொண்ணை என்ன பண்றது?” என்றார். “நான் கூப்பிட்டேன்னுதான் இருந்ததை விட்டுட்டு வந்தா. வந்த வாரத்துலயே எந்திரின்னு சொல்றதா? எங்க மையத்துல ரெண்டு பேருக்கு வேலை இல்ல.”

அப்படித்தான் அவர் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். இருபத்தொரு வருடமாகத் தெரியும். அந்த மனிதரை அவளுக்குப் பிடித்ததே அதனால்தான். இப்போது அதுவே குறுக்கே நின்றது. அவருக்குப் பிடித்த வேலை இன்னொருத்தியிடம் போய்விட்டது, இரண்டு மாதம் முன்னால் அவள் வாயைத் திறந்திருந்தால் போயிருக்காது. இதை அவர் சொல்லிக் காட்டவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க,” என்றாள். “அந்த ஆபீசுக்கு நீங்க முறைன்னு போறீங்களா, அந்தப் பொண்ணுக்காகப் போறீங்களா, இல்ல எம்மேல இருக்கற கோவத்துல போறீங்களா?”

அவர் எழுந்தார். அவள் மடியிலிருந்து கடிதத்தை எடுத்து, இருந்த மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் போட்டார். கிழிக்கப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. உறையை அலமாரியில் வைக்காமல் கையில் எடுத்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனார்.